ஓசி என்று சொல்லாதீர்கள்

போன மாதம் ஒரு நாள், கோட்டைப் பக்கம் காலை நடை முடித்துவிட்டு வழக்கமான நான்கு பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு பேரப்பிள்ளைகளின் வேலைக்குப் போயிற்று. என் தம்பியின் பேத்தி ஆரணியில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள், அவள் கையாளும் மென்பொருளில் முக்கால்வாசி காசு கொடுக்காமல் கிடைப்பது என்று சொன்னேன். வங்கியில் ஓய்வு பெற்ற நண்பர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாபா இது? ஓசியில கிடைக்கிறதை வச்சிக்கினு இன்னா வேலை செய்ய முடியும்? நல்ல கம்பெனியா இருந்தா காசு குடுத்து வாங்கித் தரமாட்டானா?"

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. சண்டை போடும் வயதில்லை என்று டீக்காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தும் மனது ஆறவில்லை. அந்த "ஓசி" என்ற வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பென்ஷன்காரனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவள் பயன்படுத்தும் கருவி என்ன என்று சொல்லிவிடுகிறேன். பழைய நாட்களில் ரயில் முன்பதிவுக் கவுண்டரில் கருப்புத் திரையில் வெறும் எழுத்துகள் ஓடுமே, நினைவிருக்கிறதா? படம், பொத்தான் எதுவும் கிடையாது. அதற்குப் பெயர் டெர்மினல். அது செத்துப்போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாகவில்லை. மென்பொருள் எழுதுகிறவர்கள் இன்றும் அந்தக் கருப்புத் திரையில்தான் பாதி வேலையைச் செய்கிறார்கள். அந்த ஒரே திரையைப் பல அறைகளாகத் தடுத்து, ஓர் அறையில் நிரல், ஓர் அறையில் அதன் ஓட்டம், இன்னோர் அறையில் பிழைப் பட்டியல் என்று ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள உதவும் கருவிக்கு டெர்மினல் மல்டிபிளெக்ஸர் என்று பெயர்.

மல்டிபிளெக்ஸ் என்றதும் பாப்கார்ன் விற்கும் தியேட்டரை நினைக்காதீர்கள். இந்த வார்த்தை எனக்கு அதற்கும் முன்பே பழக்கம். நான் 1977இல் தபால் தந்தித் துறையில் சேர்ந்தவன். 1985இல் துறை இரண்டாகப் பிரிந்தது, 2000இல் பி.எஸ்.என்.எல். ஆனது. நான் மட்டும் அதே டெலிபோன் வேலையில்தான் இருந்தேன். அப்போதெல்லாம் வேலூரில் கேரியர் ரூம் என்று ஒன்று உண்டு. ஒரு ஜோடிக் கம்பியில் ஒரே நேரத்தில் 12 பேச்சு போகும். ஒவ்வொரு பேச்சையும் ஒவ்வொரு அலைவரிசையில் ஏற்றி அனுப்பி, மறுமுனையில் பிரித்துக் கொடுப்போம். அதுதான் மல்டிபிளெக்ஸ். ஒரு கம்பி, பல பேச்சு. இங்கே ஒரு திரை, பல வேலை.

ஆனால் இந்தக் கருவியின் உண்மையான அருமை திரையைத் தடுப்பதில் இல்லை. அதைப் போன ஐப்பசி மழையில் கண்ணால் பார்த்தேன். சாயங்காலம் அவள் ஏதோ நீளமான வேலையை ஓட விட்டிருந்தாள். படாரென்று ஒரு இடி. கரண்ட் போயிற்று, இணையமும் போயிற்று. ஐயோ, வேலை போச்சா என்று பதறினேன். அவள் நிதானமாக எழுந்து, "இல்ல தாத்தா, அது பாட்டுக்கு ஓடும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனாள். முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. மறுபடி உள்ளே போய் ஒரே ஒரு வரி அடித்தாள். விட்ட இடத்தில், விட்டபடியே எல்லா அறைகளும் திரையில் வந்து நின்றன. வேலையும் முடிந்திருந்தது.

எப்படி என்று கேட்டேன். வேலை நடப்பது அவள் மடிக்கணினியில் அல்ல, தொலைவில் உள்ள ஒரு பெரிய கணினியில். சாதாரணமாக இணைப்பு அறுந்தால் அந்தக் கணினி, ஆள் போய்விட்டார் என்று வேலையை நிறுத்திவிடும். அப்படி நிறுத்தச் சொல்லும் சைகைக்கே ஹேங் அப் என்றுதான் பெயராம். டெலிபோனைக் கீழே வைப்பது! எங்கள் லைனில் பிறந்த வார்த்தை. இந்தக் கருவி நடுவில் உட்கார்ந்துகொண்டு, போனை யார் வைத்தாலும் அந்தப் பக்கத்து வேலை நிற்காமல் பிடித்துக்கொள்கிறது. அவள் திரை வெறும் ஜன்னல். ஜன்னலை மூடினால் வீடு இடிந்துவிடுமா?

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. தறிக்குழியில் இருந்து எழுந்து சாப்பிடப் போவார். பாவு தறியிலேயே இருக்கும். பல்லாயிரம் இழை, ஒன்றும் கலையாது. திரும்பி வந்து குழியில் காலை இறக்கினால் விட்ட இடத்திலிருந்து நாடா ஓடும். அவர் காய்ச்சலில் படுத்தால் அம்மா உட்கார்ந்து அதே இடத்திலிருந்து தொடர்வாள். ஆள் மாறினாலும் பாவு பாவுதான். என் பேத்தி வைத்திருப்பதும் அப்படி ஒரு தறி.

இந்தத் தறியை யார் செய்தது, என்ன விலை? இங்கேதான் நண்பரின் "ஓசி" வருகிறது.

1987இல் ஜெர்மனியில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலிவர் லாமன், கார்ஸ்டன் போர்மன் என்ற இருவர் ஸ்கிரீன் என்ற கருவியை எழுதி எல்லோருக்கும் கொடுத்தார்கள். 2007இல் நிக்கோலஸ் மேரியட் என்பவர் டீமக்ஸ் என்று இன்னொன்றைத் தொடங்கினார். பாதுகாப்பில் மிகக் கண்டிப்பானது என்று பெயர் வாங்கிய ஓப்பன் பி.எஸ்.டி. என்ற இயங்குதளம் 2009இல் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2021இல் ஸெல்லிஜ் வந்தது. மொராக்கோ நாட்டில் சின்னச் சின்ன ஓட்டுத் துண்டுகளைப் பதித்துச் செய்யும் அலங்காரத்தின் பெயர் அது. திரையைத் துண்டு துண்டாக அடுக்குவதால் அந்தப் பெயர் பொருத்தம். அவர்கள் இதை மல்டிபிளெக்ஸர் என்பதோடு நிறுத்தாமல் வேலைக்காரரின் பணிமேடை என்கிறார்கள். எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைத் திரையின் அடியிலேயே எழுதிக் காட்டும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

மூன்றுக்கும் விலை கிடையாது. அதைவிட முக்கியம், மூன்றின் மூல நிரலும் திறந்து கிடக்கிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், தனக்கு வேண்டியபடி மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். தமிழில் இதற்குக் கட்டற்ற மென்பொருள் என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். இலவச மென்பொருள் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். கட்டு அற்றது.

கட்டு என்றால் என்ன என்று ஆரணிக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அப்பா ஒரு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அக்கா கல்யாணத்துக்கு. அந்தப் பணம் தீரும்வரை வேறு யாருக்கும் பாவு ஓட்டக்கூடாது. கூலி குறைவு என்று தெரியும், அடுத்த தெருவில் கூட்டிக் கொடுப்பார்கள் என்றும் தெரியும். போக முடியாது. தறி நம் வீட்டில், கை நம் கை, ஆனால் சாவி வேறொருவர் இடுப்பில். அது தீரப் பதினோரு வருஷம் ஆயிற்று.

அந்தக் கட்டு அதோடு ஒழிந்தது என்று நினைத்தேன். அடுத்த தலைமுறையில் வேறு உருவத்தில் வந்தது.

தம்பி மகன், அதாவது இந்தப் பேத்தியின் அப்பா, தறியில் உட்காராமல் டிசைன் போடக் கற்றுக்கொண்டான். ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை அடிக்கும் வேலை. முன்பெல்லாம் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிறம் தீட்டி, அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அவன் கம்ப்யூட்டருக்கு மாறினான். கடன் வாங்கி ஒரு டிசைன் மென்பொருள் வாங்கினான். கூடவே கட்டைவிரல் அளவில் ஒரு சாமான் கொடுத்தார்கள். டாங்கிள் என்று பெயர். அது செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு வருஷம் நன்றாக ஓடியது. மயில், அன்னம், மாங்காய், ருத்ராட்சம் என்று முந்நூறுக்கு மேல் டிசைன் சேர்த்துவிட்டான்.

ஒரு நாள் அந்தப் பூட்டு செத்துப்போயிற்று. விற்றவரைத் தேடினால் அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டார். செய்தவர்களிடம் போனால், பழைய பதிப்புக்குப் பூட்டு தருவதில்லை, புதிதாக முழு விலை கொடுத்து வாங்குங்கள் என்றார்கள். முந்நூறு டிசைனும் கணினிக்குள்தான் இருந்தன. அழியவில்லை, தொலையவில்லை. திறக்கத்தான் முடியவில்லை, ஏனென்றால் அந்த மென்பொருள் மட்டுமே படிக்கும் வடிவத்தில் அவை சேமிக்கப்பட்டிருந்தன. அவன் கையால், அவன் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்தவை. கொஞ்ச நாள் அலைந்தான். பிறகு கடையை மூடிவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். இன்றைக்கும் விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறான். அந்தச் செத்த பூட்டு மட்டும் எங்கள் சாமி அறை அலமாரியில் கிடக்கிறது. தூக்கிப்போட அவனுக்கு மனசு வரவில்லை.

காசு கொடுத்துத்தானே வாங்கினான்? நண்பரே, நீங்கள் சொன்னபடி ஒழுங்காகக் காசு கொடுத்துத்தானே வாங்கினான்? என்ன கிடைத்தது?

காசு வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. உழைத்தவன் கூலி கேட்பது நியாயம். என் வாதம் ஒன்றே ஒன்றுதான்: ஒருவன் பிழைக்கும் கருவியின் சாவி இன்னொருவன் கையில் இருக்கக்கூடாது. தறியானாலும் சரி, மென்பொருளானாலும் சரி.

இந்தக் கருப்புத் திரை உலகத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2022இல் வார்ப் என்ற புது டெர்மினல் ஒன்று எல்லோருக்கும் வந்தது. வார்ப் என்றால் நெசவில் பாவு. அவர்கள் எந்த அர்த்தத்தில் வைத்தார்களோ, என் காதில் பாவு என்றுதான் விழுந்தது. ஆனால் அந்தப் பாவைத் தொட முதலில் அவர்களிடம் கணக்குத் தொடங்கி உள்நுழைய வேண்டும் என்று வைத்திருந்தார்கள். உன் கணினியில் உன் திரையைத் திறக்க அடுத்தவரிடம் பதிவு செய்ய வேண்டுமாம். பயன்படுத்தியவர்கள் பலர் முணுமுணுத்தார்கள். 2024இல் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். எடுத்தது நல்லதுதான். ஆனால் வைக்கவும் எடுக்கவும் அவர்களால் முடிந்தது என்பதையும் பாருங்கள். டீமக்ஸில் நாளை யாராவது அப்படி ஒரு நிபந்தனை வைத்தால், மற்றவர்கள் பழைய நிரலை எடுத்துக்கொண்டு தனியே நடத்துவார்கள். முன்பணம் வாங்காத நெசவாளி மாதிரி, எழுந்து போக வழி இருக்கிறது.

பட்டு ஊர்க்காரர்களுக்கு இது புதுக் கதையும் அல்ல. நம் தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி, பிரான்சில் லியோன் என்ற பட்டு ஊரில் ஜோசப் மரி ஜக்கார்டு என்ற நெசவாளி மகன் 1804இல் செய்தது. அவரும் ஒன்றுமில்லாததிலிருந்து செய்யவில்லை. பூஷோன், ஃபால்கோன், வோகான்சோன் என்று அவருக்கு முன்பு மூன்று பேர் செய்து வைத்ததன் மேல் கட்டினார். 1806இல் அந்த இயந்திரத்தைப் பொதுச் சொத்து என்று அறிவித்தார்கள். ஜக்கார்டைச் சும்மா விடவில்லை. பென்ஷன் கொடுத்தார்கள், ஓடும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தொகை கொடுத்தார்கள். ஆக அவரும் நம்மைப் போல ஒரு பென்ஷன்காரர்! பிழைப்பு போய்விடும் என்று அந்த ஊர் நெசவாளர்களே எதிர்த்ததும் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் பொதுச் சொத்தாக இருந்ததால்தான் அது நாடு நாடாகப் பரவியது. அந்த அட்டைத் துளையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டை வைக்க நினைத்தார். 1890இல் அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் துளை அட்டையில் எண்ணினார். கம்ப்யூட்டரின் தாய்வீடு தறி என்றால் மிகையில்லை. அந்தத் தாய்வீட்டுக்காரர்களாகிய நாம் பொதுச் சொத்தை ஓசி என்று சொல்லிச் சிரிக்கிறோம்.

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். நண்பர் கேட்காத கேள்விகளையும் நானே கேட்டுக்கொள்கிறேன்.

காசில்லாமல் கிடைப்பது தரமாக இருக்குமா? நண்பர் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸ், அதே கட்டற்ற குடும்பம். 2017 நவம்பரிலிருந்து உலகத்தின் முதல் 500 அதிவேகக் கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் மத்திய அரசும் 2015இல், அரசு அலுவலக மென்பொருளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று கொள்கை வெளியிட்டது. தரமில்லாததற்கா இவ்வளவும்?

திறந்து கிடந்தால் ஆபத்து இல்லையா? உண்டு. 2024இல் நடந்ததைச் சொல்கிறேன். எக்ஸ்.இசட். என்று ஒரு சின்ன மென்பொருள். உலகத்தின் பாதிக் கணினிகளுக்கு அடியில் கிடப்பது. அதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் கிட்டத்தட்ட ஒற்றை ஆள், சம்பளம் இல்லாமல் செய்து களைத்துப்போனவர். உதவுகிறேன் என்று ஒருவன் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லபிள்ளையாக நடந்து, நம்பிக்கை பெற்று, கடைசியில் கள்ளக் கதவு வைத்துவிட்டான். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைக் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிக் கண்டுபிடித்துவிட்டார். நிரல் திறந்திருந்ததால் தோண்ட முடிந்தது. இதில் இரண்டு பாடம். திறந்த வீட்டிலும் திருடன் வருவான். ஆனால் திறந்த வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடுவார்.

அப்படியானால் கொடுப்பவருக்குச் சோறு யார் போடுவது? இதுதான் நியாயமான கேள்வி. எனக்கு இதில் முழு நிம்மதி கிடையாது. பெரிய கம்பெனிகள் சில, இப்படி எழுதுவோருக்குச் சம்பளம் கொடுக்கின்றன. சிலர் நன்கொடையில் ஓட்டுகிறார்கள். பலர் வேலை முடித்து வந்து ராத்திரியில் எழுதுகிறார்கள். எக்ஸ்.இசட். கதை காட்டியது அந்தக் களைப்பைத்தான். ஜக்கார்டுக்குப் பென்ஷன் கொடுத்த மாதிரி இவர்களுக்கும் ஒரு வழி செய்யவேண்டும். அதைச் செய்யாத நம்மைப் போன்றவர்கள், வாங்கிக்கொண்டும் ஓசி என்று ஏளனம் செய்வது எந்த ஊர் நியாயம்?

ஓசி என்று எதைச் சொல்ல வேண்டும் தெரியுமா? நம் ஊரில் கம்ப்யூட்டர் சரிபார்க்கக் கொடுத்தால் என்ன செய்கிறார்கள்? காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் திருட்டு நகலை ஏற்றித் தருகிறார்கள். நாமும் கெட்டிக்காரத்தனமாக வாங்கிக்கொள்கிறோம். அதுதான் ஓசி. உடையவன் கொடுக்க மறுத்ததை எடுப்பது ஓசி. ஒருவன் மனமுவந்து, எடுத்துக்கொள், பிரித்துப் பார், உன் பிள்ளைக்கும் கொடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவது ஓசி அல்ல, தண்ணீர்ப்பந்தல். தண்ணீர்ப்பந்தலில் குடித்துவிட்டுப் பானையைக் குறை சொல்கிறவரை என்னவென்று சொல்வது?

இதில் நம் வீட்டுக் குற்றமும் இருக்கிறது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஏற்றித்தான் வந்தது. அதற்கு முன்பே 2007 வாக்கில், எல்காட் நிறுவனத்தில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் லினக்ஸுக்கு மாறும் முயற்சி நடந்தது. வழி போட்டுக் கொடுத்தார்கள். நாம் என்ன செய்தோம்? எங்கள் வீட்டுக்கு வந்த கணினியைக் கடையில் கொடுத்தபோது, இது எதுக்கு சார், இடத்தை அடைக்குது என்று அந்தப் பாஸ் லினக்ஸை அழித்துவிட்டு, காலி இடத்தில் சினிமாப் படங்களை நிரப்பிக் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான்தான்.

பேத்தி படித்த கல்லூரியிலும், கருப்புத் திரையெல்லாம் பழைய காலம், பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டார்களாம். வேலைக்குப் போன முதல் வாரம் அவள் பார்த்ததே அந்தக் கருப்புத் திரைதான். ஒன்றும் தெரியாமல் ராத்திரி அழுதிருக்கிறாள். பிறகு கணியம் போன்ற தமிழ்த் தளங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் கற்றுக்கொண்டாள். கணியம் 2012இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. நமக்குப் பக்கத்து விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறது. விழுப்புரத்தில் முடிகிறது. கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிப் பாடமே கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. ஆரணியில் மட்டும் முடியாதா?

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். அந்தத் திரையில் தமிழில் என் பெயரை அடித்துக் காட்டு என்று அவளிடம் கேட்டேன். அடித்தாள். கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று சிதறி நின்றது. காரணம் நமக்குப் புரியக்கூடியதுதான். கருப்புத் திரை என்பது கிராப் தாள். எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கணக்கு. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தில் அடங்கும். நம் "கோ"வுக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. "ணௌ"வுக்கு எத்தனை கட்டம்? கருவி ஒரு கணக்குப் போடுகிறது, எழுத்துரு வேறொரு கணக்குப் போடுகிறது, வரி கலைந்துவிடுகிறது. சில டெர்மினல்களில் பரவாயில்லை, பலவற்றில் மோசம்.

"பார், உன் கட்டற்ற மென்பொருள் லட்சணம்" என்று நானே கிண்டல் செய்தேன். அவள் சொன்ன பதில்தான் இதை எழுத வைத்தது என்றும் சொல்லலாம். "பூட்டின மென்பொருளா இருந்தா கம்பெனிக்குக் கடிதம் போட்டுட்டு உட்கார்ந்திருக்கணும் தாத்தா. இது திறந்திருக்கு. சரி பண்ணலைன்னா அது நம்ம சோம்பேறித்தனம்."

உண்மை. கோடிக்கணக்கில் தமிழர், ஆயிரக்கணக்கில் மென்பொருள்காரர். இந்தக் கணக்கைச் சரிசெய்ய ஆள் போதாதா?

ஆகவே, என் வயதுக்காரர்களுக்கு நான்கு வேண்டுகோள்.

பேரப்பிள்ளையைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்க்கப் பணம் கட்டும் முன், எந்த மென்பொருளில் சொல்லித்தருவீர்கள், வகுப்பு முடிந்தபின் என் பிள்ளை வீட்டில் அதைச் சட்டப்படி வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்லூரிகளின் நிர்வாகத்தில் நம் ஆட்கள் இருக்கிறீர்கள். கணினிக்கூடத்தில் ஒரு வரிசையாவது லினக்ஸ் போடுங்கள். உரிமக் கட்டணம் இல்லை, பழைய கணினியிலும் ஓடும். டீமக்ஸோ ஸெல்லிஜோ ஒரு மணி நேரம் காட்டுங்கள். முதல் வாரம் அழாமல் இருக்கும் அந்தப் பிள்ளை.

டிசைன் வேலை செய்யும் தம்பிகளே, எந்த மென்பொருளில் வரைந்தாலும் சரி, ஒவ்வொரு டிசைனையும் எல்லாக் கணினியும் திறக்கும் சாதாரணப் பட வடிவத்தில் இன்னொரு பிரதி எடுத்துத் தனியே வையுங்கள். கிம்ப் என்ற கட்டற்ற மென்பொருளில் கிராப் தாள் மாதிரியே புள்ளி புள்ளியாக வரையலாம். கடைசியில் ஜக்கார்டு இயந்திரத்துக்கு மாற்ற அதற்குரிய மென்பொருள் தேவைப்படலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மயில் உங்கள் கையில் இருக்கும். பூட்டு செத்தாலும் மயில் சாகாது. எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம்.

நான்காவது, கோவில் திருப்பணிக்கு எழுதுகிற கை இதற்கும் ஒரு சின்னத் தொகை எழுதட்டும். பணம் முடியாதென்றால், இந்தக் கருவிகளின் கையேடுகளைத் தமிழில் எழுதும் பிள்ளைகளுக்குப் பிழை திருத்தியாவது கொடுப்போம். நாற்பது வருஷம் ஆபீஸ் கடிதம் எழுதிய கைகள் நம்முடையவை, அதுகூடவா முடியாது?

என்னளவில் தொடங்கிவிட்டேன். பேத்தி எனக்கு ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். இந்தக் கட்டுரையை அதில்தான் அடித்தேன், இரண்டு நாளாக. விரல் நடுக்கத்தில் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்தருளவும். போன ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவும் லீவில் வீட்டில் இருந்தான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கிம்ப்பைத் திறந்து, ஞாபகத்தில் இருந்த ஒரு பழைய மாங்காய்ப் புட்டாவை வரைந்து பார்த்தான். பாதி வந்தது. மீதியை அடுத்த வாரம் என்றான்.

நாளைக் காலை டீக்கடைக்கு வழக்கம்போல் போவேன். அந்தச் செத்த பூட்டைச் சட்டைப்பையில் எடுத்துப் போகப்போகிறேன். நண்பர் டம்ளருக்குப் பக்கத்தில் அதை வைத்து, காசு கொடுத்து வாங்கியது சார், திறந்து காட்டுங்கள் என்று கேட்கப்போகிறேன். டீக்காசு அன்றும் நானே கொடுத்துவிடுகிறேன்.